சங்கீதப் புத்தகம் எப்படி வரிசையானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளில் சங்கீதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரு பாடலை எடுத்து அதன் பொருளைப் பேசுவோம். அது ஏன் அந்த எண்ணில் நிற்கிறது, அதன் பக்கத்துப் பாடல் எது என்று யாராவது கேட்டால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்களைப் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க நண்பர்கள் சங்கீதம் என்று வரும் இடங்களைத் திருப்பாடல் என்று படித்துக்கொள்ளலாம்.

இது ஒரே புத்தகம்தானே? ஐந்து புத்தகம் என்கிறார்களே?

ஒரே புத்தகத்துக்குள் ஐந்து பாகங்கள். 1 முதல் 41 வரை முதல் பாகம், 42 முதல் 72 வரை இரண்டாவது, 73 முதல் 89 வரை மூன்றாவது, 90 முதல் 106 வரை நான்காவது, 107 முதல் 150 வரை ஐந்தாவது. பிற்காலத்தில் யாரோ வசதிக்காகக் கோடு போட்டுப் பிரித்ததாக நினைக்க வேண்டாம். எல்லைக்கற்கள் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 41-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள்: "இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தர் அநாதியாய் என்றென்றைக்குமுள்ள சதாகாலங்களிலும் ஸ்தோத்திரிக்கப்படத்தக்கவர். ஆமென், ஆமென்." நோயாளி ஒருவரின் புலம்பலாக வந்த பாட்டின் வாலில் இந்த வரி தனியாக நிற்கிறது. 72, 89, 106 ஆகியவற்றின் முடிவிலும் இதே மாதிரியான வாழ்த்து வருகிறது. ஐந்தாவது பாகத்துக்கு மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது. அங்கே வாழ்த்து வரிக்குப் பதிலாக ஐந்து முழுப் பாடல்களே (146 முதல் 150 வரை) அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடிகின்றன.

ஏன் ஐந்து? மோசே இஸ்ரவேலுக்கு ஐந்து வேத புத்தகங்களைக் கொடுத்தார், தாவீது ஐந்து சங்கீதப் புத்தகங்களைக் கொடுத்தார் என்கிறது யூதர்களின் பழைய மித்ராஷ் விளக்கம். தொகுத்தவர்கள் மனதிலும் ஏறக்குறைய அதுதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பாடுவதற்காக இருந்ததை, தோராவைப் (மோசேயின் அந்த ஐந்து புத்தகங்களைப்) போல உட்கார்ந்து படிப்பதற்கும் உரியதாக ஆக்கியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதியவர் தாவீதுதானே?

எபிரெய வேதாகமத்தில் 73 சங்கீதங்களின் தலைப்பில் தாவீதின் பெயர் இருக்கிறது. அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆசாபின் பெயரில் 12, கோராகின் புத்திரர் பெயரில் 11, சாலொமோனுக்கு 2, மோசேக்கு 1 (90-ஆவது), எஸ்ராகியனாகிய ஏத்தானுக்கு 1 (89-ஆவது). மீதிப் பலவற்றுக்குப் பெயரே இல்லை. "தாவீதின்" என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'லெ-தாவீத்' என்ற ஒரே சொல். முன்னால் ஒட்டியிருக்கும் அந்த 'லெ' தாவீது இயற்றியது என்றும் பொருள் தரும், தாவீதுக்கு உரியது என்றும் தரும், தாவீதைக் குறித்தது என்றும் தரும்.

ஆசாப் யார்? கோராகின் புத்திரர் யார்?

இந்தக் கேள்விதான் தொகுப்பு வேலையின் கதவைத் திறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டுமே ஆலயத்தில் பாடிய லேவியர் குடும்பங்கள். நாளாகமப் புத்தகத்தின்படி, உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகப் பாடத் தாவீது நியமித்த தலைவர் ஆசாப். கைத்தாளம் கொட்டினவர். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் கணக்கை எஸ்றா 2:41 சொல்லும்போது, பாடகர் என்ற தலைப்பின் கீழ் ஒரே குடும்பம்தான் இருக்கிறது: ஆசாபின் புத்திரர், 128 பேர். நகரம் எரிந்துபோய், ஆலயம் இடிந்துபோய், அரை நூற்றாண்டு அந்நிய மண்ணில் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் 128 பேர் தங்களைப் பாடகர் என்று எழுதிக்கொள்கிறார்கள். பாடுவதற்கு ஆலயம் இல்லாத வருடங்களிலும் பாட்டை விடாமல் வைத்திருந்த குடும்பம் அது. 73 முதல் 83 வரை வரிசையாக ஆசாபின் பாடல்களாகவே நிற்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஒரு பாட்டுச்சுருள் இருந்தது, அது அப்படியே தொகுப்புக்குள் வந்து சேர்ந்தது.

கோராகின் கதை இன்னும் உருக்கமானது. வனாந்தரத்தில் மோசேக்கு எதிராகக் கிளம்பி, பூமி பிளந்து விழுங்கிய அதே கோராகு. "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்று எண்ணாகமம் 26:11 ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வம்சத்தார் பிறகு ஆலயத்தின் வாசல் காவலர்களானார்கள், பாடகர்களும் ஆனார்கள். இதை வைத்துக்கொண்டு 84-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனத்தைப் படியுங்கள்: "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்." வாசற்படி அந்தக் குடும்பத்தின் வேலையிடம். பாட்டின் தலைப்பை விட்டுவிட்டுப் படித்தால் இது கைநழுவிப் போகும்.

இவர்களின் பாடல்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன: 42 முதல் 49 வரை ஒரு கட்டு, 84 முதல் 88 வரை இன்னொரு கட்டு. இரண்டாவது கட்டின் நடுவில் தாவீதின் பாடல் ஒன்று (86) செருகப்பட்டிருக்கிறது. 43-க்குத் தலைப்பு இல்லை, ஆனால் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற பல்லவி 42-இல் இரண்டு முறையும் 43-இல் ஒரு முறையும் வருவதால் இரண்டும் ஒரே பாட்டு என்று தெரிகிறது.

72-இன் முடிவில் "தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது" என்று இருக்கிறது. அதற்குப் பிறகும் தாவீதின் சங்கீதங்கள் வருகின்றனவே?

ஆமாம், இன்னும் 18 வருகின்றன. 86, 101, 103, 108 முதல் 110 வரை, 122, 124, 131, 133, அப்புறம் 138 முதல் 145 வரை.

"ஈசாயின் புத்திரனாகிய தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது" என்ற அந்த வரி ஒரு காலத்தில் ஒரு சுருளின் உண்மையான கடைசி வரியாக இருந்தது. அதை எழுதிய கை, அத்துடன் தன் வேலை முடிந்தது என்று மையைத் துடைத்திருக்கும். பின்னால் வந்தவர்கள் ஆசாபின் சுருளையும் மற்றவற்றையும் சேர்த்தபோது இந்த வரி பொருந்தாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அழித்திருக்கலாம், ஆனால் அழிக்கவில்லை. தங்களுக்கு முன்னே உழைத்தவர்களின் கையெழுத்தை அவர்கள் தொடவில்லை. சங்கீதப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. புத்தகம் வளர்ந்த விதத்தை அதுவே ஒப்புக்கொள்கிறது.

14-உம் 53-உம் ஒரே பாட்டுதானே? தெரியாமல் இரண்டு முறை சேர்த்துவிட்டார்களா?

ஒரே பாட்டுதான். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்." கடைசிப் பகுதியில் கொஞ்சம் வேறுபடும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். 14-இல் "கர்த்தர் பரலோகத்திலிருந்து மனுபுத்திரரைக் கண்ணோக்கினார்" என்று இருக்கிறது. 53-இல் "தேவன்" கண்ணோக்கினார். எபிரெயத்தில் முதலாவது இடத்தில் கடவுளின் திருநாமமான நான்கெழுத்து, இரண்டாவது இடத்தில் 'எலோஹீம்' என்ற பொதுச்சொல்.

இது இந்த ஒரு பாட்டோடு நிற்கவில்லை. 1 முதல் 41 வரை திருநாமமே மேலோங்கி வரும். 42-இல் தொடங்கி 83 வரை நிலைமை தலைகீழாகி எலோஹீம் மேலோங்கும். 84-இல் மறுபடி திருநாமம் திரும்பிவிடும். ஆக, 42 முதல் 83 வரை உள்ள 42 சங்கீதங்களும் ஒரு காலத்தில் தனித் தொகுப்பாக, ஒரே பழக்கமுள்ளவர்கள் கையில் இருந்தவை. 14 ஒரு தொகுப்பிலும் 53 இன்னொரு தொகுப்பிலும் ஏற்கெனவே இருந்தன. இரண்டு தொகுப்புகளும் இணைந்தபோது ஒன்றை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. 40-இன் பின்பகுதியும் 70-ஆம் சங்கீதமும் இதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எலோஹீம் தொகுப்பு இரண்டாம் பாகத்தின் எல்லையான 72-ஐத் தாண்டி மூன்றாம் பாகத்தின் நடுவரை ஓடுகிறது. அப்படியானால் இந்தத் தொகுப்பு முதலில் வந்தது, ஐந்து பாகம் என்ற பிரிவு அதற்குப் பிறகு அதன் மேல் போடப்பட்டது. வீட்டின் பழைய சுவர் ஓரிடத்திலும் புதிய அறையின் எல்லை வேறிடத்திலும் இருப்பதைப் பார்த்து எது முந்தியது என்று கொத்தனார் சொல்வாரே, அதே மாதிரி.

108-ஆவது வேறு வகை. 57-இன் பின்பாதியையும் 60-இன் பின்பாதியையும் ஒட்டி உருவான பாட்டு. இரண்டின் முன்பாதியிலும் இருந்த முறையீட்டை விட்டுவிட்டு, நம்பிக்கை ஒலிக்கும் பாதிகளை எடுத்துப் புதிய காலத்துக்கு ஒரு பாட்டு செய்திருக்கிறார்கள்.

காலவரிசைப்படி அடுக்கியிருக்கிறார்களா?

இல்லை. அப்சலோமுக்குத் தப்பி ஓடிய கிழத் தாவீது 3-இல் வருகிறார். குகையில் ஒளிந்த இளம் தாவீது 57-இலும் 142-இலும் வருகிறார். மோசேயின் ஜெபம் 90-இல் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் எதை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்?

பல வழிகள். ஒரே பெயர், ஒரே இசைக்குறிப்பு, ஒரே பயன்பாடு என்று கட்டுகள் முதலில் உண்டாகின. உதாரணமாக 56 முதல் 60 வரை ஐந்துக்கும் 'மிக்தாம்' என்ற குறிப்பு இருக்கிறது. 113 முதல் 118 வரை பஸ்காவிலும் மற்றப் பண்டிகைகளிலும் பாடும் ஹல்லேல் பாடல்கள்.

அதற்கும் மேலே, ஒரு பாட்டின் கடைசியிலிருந்து அடுத்த பாட்டின் தொடக்கத்துக்குச் சொல்லைக் கோத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. நம் ஊரில் அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். 32-இன் கடைசி வசனம்: "நீதிமான்களே, கர்த்தருக்குள் மகிழ்ந்து களிகூருங்கள்." 33-இன் முதல் வசனம்: "நீதிமான்களே, கர்த்தருக்குள் களிகூருங்கள்." இரண்டிலும் "செம்மையான" என்ற சொல்லும் தொடர்ந்து வருகிறது. முதல் பாகத்தில் தலைப்பு இல்லாத மிகச் சிலவற்றில் 33-உம் ஒன்று. 32-இன் அழைப்புக்குப் பதில் பாட்டாகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

103-உம் 104-உம் "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தொடங்கி அதே வரியில் முடிகின்றன. ஒன்று மன்னிப்பைப் பாடுகிறது, அடுத்தது படைப்பை. 111-உம் 112-உம் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் எபிரெய அகரவரிசையில் 22 வரிகள். 111 கடவுளைப் பற்றிச் சொல்கிறது, 112 அவருக்குப் பயப்படும் மனிதனைப் பற்றி. "அவருடைய நீதி என்றென்றைக்கும் நிற்கும்" என்று 111:3 சொல்ல, "அவனுடைய நீதி என்றென்றைக்கும் நிற்கும்" என்று 112:3 சொல்கிறது. கடவுளுக்குச் சொன்ன சொல்லை எடுத்துத் துணிந்து மனிதனுக்குச் சொல்கிறது அடுத்த பாட்டு. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சாதாரணமாகத் தெரியும், சேர்த்துப் படித்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும்.

முதல் சங்கீதத்தை ஏன் முதலில் வைத்தார்கள்? அது ஜெபமே இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 1-ஆம் சங்கீதம் கடவுளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாடு என்றும் சொல்லவில்லை. வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவனைப் பற்றிச் சொல்கிறது. பாட்டுப்புத்தகத்தின் வாசலில் இப்படி ஒரு பாட்டை நிறுத்தினால், உள்ளே வருகிறவர் இதைப் படித்துத் தியானிக்க வேண்டிய புத்தகமாக எடுத்துக்கொள்வார். தொகுத்தவர்களின் முன்னுரை என்றே இதைச் சொல்லலாம்.

1-க்கும் 2-க்கும் தலைப்பு கிடையாது. முதல் பாகத்தில் 10-ஐயும் 33-ஐயும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தாவீதின் பெயர் இருக்க, இவை இரண்டும் அதற்கு வெளியே வாசற்கதவின் இரண்டு பலகைகளாக நிற்கின்றன. எபிரெயத்தில் 1-ஆம் சங்கீதத்தின் முதல் சொல்லே 'அஷ்ரே', அதாவது "பாக்கியவான்". 2-இன் கடைசி வாக்கியமும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது: "அவரை அண்டிக்கொள்ளுகிற யாவரும் பாக்கியவான்கள்." தமிழில் வினையும் பயனிலையும் கடைசிக்குப் போய்விடுவதால் "மனுஷன் பாக்கியவான்" என்று இரண்டாம் வசனத்தின் கடைசியில்தான் நமக்குக் கிடைக்கிறது. இதனால் தமிழ் வாசகருக்கு அந்த வளையம் கொஞ்சம் மறைந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. 1-இல் நல்லவன் வேதத்தைத் 'தியானிக்கிறான்', 2-இல் ஜனங்கள் விருதா காரியத்தைச் 'சிந்திக்கிறார்கள்'. எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான், வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும் 'ஹாகா'. ஒருவன் எதை முணுமுணுக்கிறான் என்பதில் இரண்டு பாட்டும் பிரிகின்றன.

இரண்டையும் ஒரே சங்கீதமாக எண்ணியவர்களும் உண்டு. யூத ரபீக்களின் விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூத் அப்படித்தான் சொல்கிறது.

மூன்றாம் பாகம் ஏன் இவ்வளவு சோகமாக முடிகிறது?

இந்தப் பக்கத்தை எழுத எனக்குக் காரணமாக இருந்ததே இந்த இடம்தான்.

88-ஐப் படியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு திருப்பத்தில் நம்பிக்கைக்கு வந்துவிடும். 88 வராது. அதன் எபிரெயக் கடைசிச் சொல் 'இருள்'. அடுத்து 89. தாவீதுக்குக் கடவுள் கொடுத்த வாக்கை முப்பத்தேழு வசனம் ஆனந்தமாகப் பாடிக்கொண்டே வந்து, 38-இல் திடீரென உடைகிறது: "ஆனாலும் நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீர்." உடன்படிக்கையை ஒழித்தீர், கிரீடத்தைத் தரையிலே தள்ளினீர் என்று நேருக்கு நேராகக் கடவுளைக் கேட்கிறது. உமது பூர்வ கிருபைகள் எங்கே என்கிறது. பதில் வரவில்லை. வாழ்த்து வரியும் ஆமென், ஆமெனும் வந்து பாகம் முடிந்துவிடுகிறது.

கி.மு. 587 வாக்கில் எருசலேம் விழுந்து, தாவீதின் வம்சத்து அரசன் கைதியாகப் போன பிறகு வாழ்ந்தவர்களுக்கு இது பழங்கதையாக இருந்திருக்காது, அவர்கள் கண்ணால் கண்டது. இந்தக் கேள்வியை அவர்கள் மழுப்பவில்லை. புத்தகத்தின் நடுவிலே, எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு பாகத்தின் விளிம்பில் நிறுத்தினார்கள்.

பக்கத்தைத் திருப்பினால் 90. 150 சங்கீதங்களில் மோசேயின் பெயர் தாங்கிய ஒரே சங்கீதம். "ஆண்டவரே, தேவரீர் தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்." அரசன் போனான், அரண்மனை போனது, ஆலயம் போனது. இவை எதுவும் இல்லாத காலத்தில் இந்த ஜனத்தை நடத்தியவரிடம் போய்ப் பாட்டைக் கேட்டு வாங்கி வருகிறார்கள். 13-ஆம் வசனத்தில் "கர்த்தாவே, திரும்பிவாரும்" என்று கெஞ்சி, ஜனத்துக்காக மனமிரங்கும்படி கேட்கும்போது வருகிற இரண்டு எபிரெய வினைகளும், பொன் கன்றுக்குட்டி நாளில் மோசே மலையின்மேல் நின்று மன்றாடியபோது (யாத்திராகமம் 32:12) வந்த அதே இரண்டு வினைகள். அன்றைக்கு அந்த மன்றாட்டு கேட்கப்பட்டது என்பது பாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அத்தோடு விடவில்லை. மோசேயின் பெயர் நான்காம் பாகத்தில் மட்டும் ஏழு முறை வருகிறது. மற்ற நான்கு பாகங்களிலும் சேர்த்து ஒரே முறைதான் (77:20). பிறகு 93-லும் 96 முதல் 99 வரையிலும் "கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்" என்ற முழக்கம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சிம்மாசனம் காலியாகிவிட்டது என்று 89 அழுதது. சிம்மாசனம் என்றைக்கும் காலியாக இருந்ததில்லை என்கிறது நான்காம் பாகம். சங்கீதங்கள் அடுக்கப்பட்ட விதத்திலேயே பொருள் இருக்கிறது என்று 1985-இல் ஜெரால்ட் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் விரிவாக எழுதிய பிறகு, ஆய்வாளர்கள் அதிகமாக வந்து நின்ற இடம் இந்த 89-க்கும் 90-க்கும் இடையிலான மடிப்புதான்.

நான் ஒரு லெந்து காலத்தில் சங்கீதங்களை 1-லிருந்து வரிசையாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். 89-ஐ முடித்துவிட்டு அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை 90-இன் முதல் வரியை வாசித்தபோது, துக்க வீடுகளில் எத்தனையோ தடவை கேட்ட அந்த வரி யாருடைய அழுகைக்குப் பதிலாக வந்தது என்று முதன்முறையாகப் புரிந்தது.

ஆரோகண சங்கீதம் என்றால் என்ன?

120 முதல் 134 வரை உள்ள 15 பாடல்கள். எபிரெயத்தில் 'ஷீர் ஹமாலோத்', ஏறுதல்களின் பாட்டு. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "ஆரோகணம்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டதால், இசை படித்தவர்களுக்கு ஸ்வரம் ஏறுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே ஏறுவது மனிதர்கள். வருடத்துக்கு மூன்று பண்டிகைகளுக்கு எருசலேம் மலைக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியவை என்பது பரவலான விளக்கம். ஆலயத்தில் பெண்கள் பிராகாரத்திலிருந்து இஸ்ரவேலர் பிராகாரத்துக்கு ஏற 15 படிகள் இருந்தன, அவை இந்த 15 பாடல்களுக்கு இணையானவை, அவற்றின்மேல் லேவியர் நின்று பாடினார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது.

அடுக்கு அழகாக இருக்கிறது. 120 தூரதேசத்தில் தொடங்குகிறது: மேசேக்கிலே, கேதாரின் கூடாரங்களண்டையில். 121-இல் பர்வதங்கள் கண்ணில் படுகின்றன. 122-இல் "எருசலேமே, உன் வாசல்களில் எங்கள் கால்கள் நிற்கலாயிற்று." 134-இல் இராக்காலம், ஆலயத்தில் விழித்து நிற்கும் ஊழியக்காரர்களுக்கு ஒரு வாழ்த்து. சரியாக நடுவில், எட்டாவதாக, 127: சாலொமோனின் பெயரில், "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்." ஆலயம் கட்டியவரின் பெயரை ஏறும் வழியின் நடுவில் வைத்திருக்கிறார்கள்.

132-ஐத் தவிர எல்லாமே குட்டிப் பாடல்கள். நடந்துகொண்டே பாடலாம்.

கும்ரானில் கிடைத்த சங்கீதச் சுருள் வேறு மாதிரி இருக்கிறதாமே?

ஆமாம். சவக்கடலோரக் குகைகளில் கிடைத்த வேதாகமப் பிரதிகளில் எண்ணிக்கையில் முதலிடம் சங்கீதத்துக்குத்தான். அவற்றில் பெரியது 1956-இல் 11-ஆம் குகையில் கிடைத்தது. 1961-இல் பிரித்து விரிக்கப்பட்டு, ஜேம்ஸ் சாண்டர்ஸின் பதிப்பாக 1965-இல் வெளிவந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்ட தோல் சுருள். எழுத்தெல்லாம் அன்றைய சதுர எபிரெய எழுத்து, ஆனால் திருநாமம் வரும் இடத்தில் மட்டும் எழுதியவர் மிகப் பழைய எபிரெய எழுத்துக்கு மாறுகிறார். வரிக்கு வரி அந்த நான்கெழுத்து தனியாகத் தெரியும்.

வரிசைதான் ஆச்சரியம். 121 முதல் 132 வரை நமக்குத் தெரிந்தபடியே வருகிறது. ஆனால் 133 அங்கே இல்லை, வெகுதூரம் தள்ளி 141-க்குப் பிறகு நிற்கிறது. 134 இன்னும் தள்ளி, 140-க்குப் பிறகு. 150 கடைசியில் இல்லை. நம் வேதாகமத்தில் இல்லாத பாடல்களும் நடுநடுவே வருகின்றன. 145-இல் ஒவ்வொரு வசனத்துக்கும் பின் "கர்த்தர் ஸ்தோத்திரிக்கப்படுவாராக, அவர் நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்படுவதாக" என்ற பொருளில் சபை சொல்லும் மறுமொழி எழுதப்பட்டிருக்கிறது. 145 அகரவரிசைப் பாட்டு. நம் கையிலிருக்கும் எபிரெயப் பாடத்தில் 'நூன்' எழுத்துக்குரிய வசனம் மட்டும் விடுபட்டிருக்கும். இந்தச் சுருளில் அது இருக்கிறது.

இறுதியை நெருங்கும்போது உரைநடையில் ஒரு குறிப்பு வருகிறது. தாவீது 3,600 சங்கீதங்களும், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 364 பாட்டுகளும், ஓய்வுநாட்களுக்கு 52-உம், மாதப்பிறப்புக்கும் பண்டிகைகளுக்கும் 30-உம், பீடிக்கப்பட்டவர்கள்மேல் வாசிக்க 4-உம், ஆக மொத்தம் 4,050 இயற்றினார் என்கிறது. வருடத்துக்கு 364 நாள் என்பது கும்ரான் சமூகத்தார் பின்பற்றிய நாட்காட்டி.

இதிலிருந்து தெரிவது என்ன? குகைகளில் கிடைத்த பிரதிகளைச் சேர்த்துப் பார்த்தால் முதல் மூன்று பாகங்களின் வரிசை பெரிதாக மாறுவதில்லை. மாற்றங்கள் நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் குவிகின்றன. முன்பகுதி முன்பே உறைந்துவிட்டது, பின்பகுதி பல கைகளில் இன்னும் இளகியிருந்தது. இந்தச் சுருளை வேறொரு சங்கீதப் புத்தகம் என்று சிலரும், வழிபாட்டுக்காக எடுத்து அடுக்கிய திரட்டு என்று சிலரும் சொல்கிறார்கள். நான் முதலாவது பக்கம் சாய்கிறேன். தாவீதின் பாடல் பட்டியலைக் கடைசியில் எழுதிவைத்தவர் ஒரு முழுப் புத்தகத்தை முடிக்கும் மனநிலையில்தான் இருந்திருப்பார்.

கத்தோலிக்க ஜெபப்புத்தகங்களில் எண் ஒன்று குறைவாக இருப்பது ஏன்?

கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவும் அதை ஒட்டிய லத்தீன் வேதாகமமும் 9-ஐயும் 10-ஐயும் ஒரே சங்கீதமாக எண்ணின. அங்கிருந்து ஏறக்குறைய கடைசிவரை ஒரு எண் பின்னால் போகிறது. "கர்த்தர் என் மேய்ப்பர்" அவர்களுக்கு 22. பிறகு 114-உம் 115-உம் ஒன்றாகி, 116-உம் 147-உம் இரண்டிரண்டாகப் பிரிவதால் கடைசி மூன்று மறுபடி ஒத்துவிடும். எபிரெயத்தில் 9-உம் 10-உம் சேர்ந்துதான் ஒரு அகரவரிசையை முடிக்கின்றன என்பதால் இந்த விஷயத்தில் கிரேக்கமே சரி என்று எனக்குப் படுகிறது. எருசலேம் தால்மூத் ஓரிடத்தில் மொத்தமே 147 சங்கீதங்கள் என்று எண்ணி, அதை யாக்கோபின் 147 வயதோடு ஒப்பிடுகிறது. பாட்டு கூடவும் இல்லை குறையவும் இல்லை, கோடு போடும் இடம்தான் மாறுகிறது.

151-ஆம் சங்கீதம் உண்டா?

கிரேக்க வேதாகமத்தில் உண்டு. சகோதரர்களில் சிறியவனாக ஆடு மேய்த்த தாவீது பேசுவதாக ஒரு சிறிய பாட்டு. "எண்ணிக்கைக்கு வெளியே" என்று அதன் தலைப்பே சொல்கிறது. அந்தத் தலைப்பை எழுதியவர்களுக்கு 150 என்பது ஏற்கெனவே முடிந்த கணக்காக இருந்தது. இதன் எபிரெய வடிவம் மேலே சொன்ன 11-ஆம் குகைச் சுருளின் கடைசியில் கிடைத்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வேதாகமத்தில் இன்றும் இருக்கிறது.

இவ்வளவு வேலையையும் செய்தது யார்? எப்போது முடிந்தது?

தொகுத்தவர்கள் தங்கள் பெயரை எங்குமே எழுதிவைக்கவில்லை. சிறையிருப்புக்குப் பின் கட்டிய இரண்டாம் ஆலயத்தில் பாடிய லேவியரும் அவர்களோடிருந்த வேதபாரகரும் என்பது பாடல்களைப் பார்த்தாலே தெரிகிறது. 55 சங்கீதங்களின் தலைப்பில் "இராகத்தலைவன்" வருகிறார். "அயிலேத் ஷாகார்", "அல்தஷ்கேத்" என்றெல்லாம் வரும் சொற்கள் மெட்டுகளின் பெயர்களாக இருக்கலாம். வேலைசெய்கிற பாடகர்களுக்குத்தான் இவை தேவை.

காலத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. பாபிலோன் ஆறுகளண்டையில் உட்கார்ந்து அழுததைப் பாடும் 137 உள்ளே இருப்பதால் தொகுப்பு சிறையிருப்புக்குப் பிறகுதான் முடிந்திருக்க வேண்டும். 1 நாளாகமம் 16-ஆம் அதிகாரம் 105, 96, 106 ஆகியவற்றிலிருந்து பகுதிகளை எடுத்துக் கோத்து ஒரே பாட்டாகத் தருகிறது. அதில் 106-இன் கடைசியிலுள்ள வாழ்த்து வரியும் வந்துவிடுகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் கையில் நம்முடைய வரிசைதான் இருந்தது. அதற்குப் பிறகும் கும்ரானில் வேறு வரிசை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் பார்த்தோம்.

கி.பி. 73 வாக்கில் ரோமப் படையிடம் விழுந்த மசாதா கோட்டையைத் தொல்லியல் அறிஞர் இகயேல் யாதின் தோண்டியபோது சங்கீதச் சுருளின் கிழிந்த துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று சுருளின் வால்பகுதி. 150-ஆம் சங்கீதம் அதில் இருக்கிறது. எக்காளம், தம்புரு, சுரமண்டலம், கைத்தாளம் என்று ஒவ்வொன்றாக எழுந்து, "சுவாசமுள்ளதெல்லாம் கர்த்தரைத் துதிப்பதாக" என்று முடிகிற அதே பாட்டு. அதற்குப் பிறகு எழுத்து இல்லை. வெறும் தோல்தான்.